மைத்தோன் நீர்த்தேக்கம்: வெள்ளத்தைத் தடுக்க ‘காலி இடம்’ ஏன் தேவை?

ஜார்க்கண்ட் – மேற்கு வங்க எல்லையில் பராகர் ஆற்றின் குறுக்கே அமைந்துள்ள மைத்தோன் அணை, கிழக்கு இந்தியாவின் முக்கிய சுற்றுலாத் தலங்களில் ஒன்றாகும். மழைக்காலம் முடிந்து குளிர்காலம் தொடங்கியதும் படகுச் சவாரிக்காகவும் குடும்பத்துடன் கூடிச் சமைத்து உண்பதற்காகவும் ஏராளமானோர் இங்கு வருகின்றனர். ஆயினும் இந்த நீர்த்தேக்கம் சுற்றுலாவுக்காக உருவாக்கப்பட்டதன்று. ‘வங்கத்தின் துயரம்’ என்று அழைக்கப்பட்ட தாமோதர் ஆற்றின் வெள்ளத்தைக் கட்டுப்படுத்துவதே இதன் முதன்மை நோக்கமாக இருந்தது. அந்த நோக்கம் எந்த அளவுக்கு நிறைவேறியுள்ளது என்ற கேள்வி, ஒவ்வொரு பருவமழையின் இறுதியிலும் மீண்டும் எழுகிறது.

அமைவிடம்

ஜார்க்கண்டின் தன்பாத் நகரிலிருந்து சுமார் 48 கிலோமீட்டர் தொலைவில் மைத்தோன் உள்ளது. மேற்கு வங்கத்தின் ஆசன்சோல் நகரிலிருந்தும் சாலை வழியாக எளிதில் சென்றடையலாம். அருகிலுள்ள கல்யாணேஸ்வரி அம்மன் கோயிலையொட்டி, ‘அன்னையின் இடம்’ என்று பொருள்படும் ‘மாயி கா ஸ்தான்’ என்ற சொற்றொடரே மருவி மைத்தோன் ஆனது என்று கூறப்படுகிறது.

அணையின் உயரம் 165 அடி. மண் கரையையும் சேர்த்து அதன் நீளம் 4.7 கிலோமீட்டருக்கும் அதிகம். நீர்த்தேக்கம் சுமார் 65 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்துள்ளது. அணையை ஒட்டிய குன்றின் உட்புறத்தில், நிலத்தடியில் நீர்மின் நிலையம் ஒன்று இயங்கிவருகிறது. 1957 செப்டம்பர் 27-ஆம் தேதி இந்த அணை நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

1943 வெள்ளமும் அணைத் திட்டமும்

சோட்டா நாக்பூர் பீடபூமியில் உற்பத்தியாகும் தாமோதர் ஆறு, ஜார்க்கண்டின் மேட்டுநிலங்கள் வழியாக விரைந்து பாய்ந்து, மேற்கு வங்கத்தின் தாழ்வான சமவெளியை அடைந்து, ஹூக்ளி ஆற்றில் கலக்கிறது. அதன் முதன்மைத் துணையாறு பராகர். மேட்டுநிலத்தில் பெய்யும் கனமழை குறுகிய நேரத்தில் ஆற்றை வந்தடைகிறது. ஆனால் சமவெளியில் ஆற்றின் சரிவு குறைவு என்பதால், அங்கு நீர் வேகமாக வடிவதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டு முதலே பதிவாகியுள்ள தொடர் வெள்ளங்களுக்கு இதுவே அடிப்படைக் காரணம். 1913-ஆம் ஆண்டு வெள்ளத்தில் பர்த்வான் மாவட்டத்தின் பெரும்பகுதி மூழ்கியது.

1943 ஜூலையில் பர்த்வான் அருகே அமீர்பூரில் ஆற்றின் இடது கரை உடைந்தது. கிராண்ட் டிரங்க் சாலையும் ரயில் பாதையும் துண்டிக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த அந்த நேரத்தில், கல்கத்தா நகரம் வட இந்தியாவுடனான தரைவழித் தொடர்பை இழந்தது. அதன்பின் வங்க அரசு ஒரு விசாரணைக் குழுவை நியமித்தது. பர்த்வான் மகாராஜா தலைமையிலான அந்தக் குழுவில் இயற்பியல் அறிஞர் மேக்நாத் சாகாவும் உறுப்பினராக இருந்தார். அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தைப் போன்ற ஓர் அமைப்பை உருவாக்கலாம் என்று குழு பரிந்துரைத்தது.

அந்த ஆணையத்தின் மூத்த பொறியாளர் டபிள்யூ.எல். வூர்டுவின் இந்தியாவுக்கு அழைக்கப்பட்டார். அவர் 1944 ஆகஸ்டில் தாமோதர் பள்ளத்தாக்குக்கான ஒருங்கிணைந்த திட்டத்தைச் சமர்ப்பித்தார். அப்போது வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறைப் பொறுப்பை வகித்த பி.ஆர். அம்பேத்கர், இத்திட்டம் குறித்த முக்கியக் கூட்டங்களுக்குத் தலைமை வகித்தார். சுதந்திரத்துக்குப் பின், நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் 1948 ஜூலை 7-ஆம் தேதி தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் நிறுவப்பட்டது. சுதந்திர இந்தியாவின் முதல் பல்நோக்கு நதிப் பள்ளத்தாக்குத் திட்டம் இதுவே.

முதற்கட்டமாக நான்கு அணைகள் கட்டப்பட்டன. திலையா 1953-லும், கோனார் 1955-லும், மைத்தோன் 1957-லும், பஞ்சேத் 1959-லும் செயல்பாட்டுக்கு வந்தன. இவற்றில் வெள்ளத் தடுப்பின் பெரும்பொறுப்பு மைத்தோன், பஞ்சேத் ஆகிய இரண்டையே சார்ந்துள்ளது. பராகர் ஆறு தாமோதருடன் கலப்பதற்கு முன், இரு ஆறுகளிலும் அமைந்துள்ள கடைசி அணைகள் இவையே.

நீர்த்தேக்கத்தின் அடுக்குகள்

பாசனத்துக்காகவோ குடிநீருக்காகவோ கட்டப்படும் அணையில் எவ்வளவு நீர் இருக்கிறதோ, அவ்வளவு நன்மை. வெள்ளத் தடுப்பு அணைக்கு இக்கணக்கு பொருந்தாது. அடுத்து வரவிருக்கும் வெள்ளத்தை ஏற்பதற்கு எவ்வளவு இடம் காலியாக உள்ளது என்பதே அங்கு முக்கியம். மைத்தோன் இரண்டு பணிகளையும் செய்யவேண்டியிருப்பதால், அதன் கொள்ளளவு அடுக்குகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது.

மைத்தோனில் கடல் மட்டத்திலிருந்து 480 அடி வரையுள்ள நீர் பாசனம், தொழிற்சாலைகள், மின் உற்பத்தி ஆகியவற்றுக்கான சேமிப்பாகும். அதற்கு மேலுள்ள பகுதி வெள்ளத்துக்கென ஒதுக்கப்பட்டது. கனமழையின்போது ஆற்றில் வரும் நீரில் ஒரு பகுதி இந்த இடத்தில் தேக்கிவைக்கப்படுகிறது. எஞ்சியது அளவாகத் திறந்துவிடப்படுகிறது. மழை ஓய்ந்தபின், தேக்கிய நீர் படிப்படியாக வெளியேற்றப்பட்டு, அடுத்த வெள்ளத்துக்காக அந்த இடம் மீண்டும் காலியாக்கப்படவேண்டும்.

அதற்குள் மற்றொரு மழை வந்தால் சிக்கல் தொடங்குகிறது. வெள்ளத்துக்கான இடம் முழுவதும் நிரம்பிவிட்டால், வரும் நீரை அப்படியே வெளியேற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. அணையின் பாதுகாப்புக்கே அது அவசியமாகிவிடுகிறது. பருவமழையின் பிற்பகுதியான செப்டம்பர் மாதத்தில் இந்த அபாயம் அதிகம். கோடைக்காலத் தேவைக்காக நீரைச் சேமிக்கவேண்டிய காலமும் அதுவே. ஆகவே நீரைத் தேக்குவதா, வெளியேற்றுவதா என்ற முடிவு, மழை முன்னறிவிப்பை நம்பி மணிக்கணக்கில் எடுக்கப்படும் ஒன்றாகிறது.

மைத்தோன், பஞ்சேத் அணைகளிலிருந்து எவ்வளவு நீரைத் திறப்பது என்பதை தாமோதர் பள்ளத்தாக்கு நீர்த்தேக்க ஒழுங்குமுறைக் குழு தீர்மானிக்கிறது. மத்திய நீர் ஆணையம், தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம் ஆகியவற்றின் பிரதிநிதிகள் இக்குழுவில் இடம்பெறுகின்றனர்.

கையகப்படுத்தப்படாத நிலம்

வூர்டுவின் முன்மொழிந்த அணைகள் அனைத்தும் கட்டப்படவில்லை. மைத்தோனுக்கு மேலே பராகர் ஆற்றில் திட்டமிடப்பட்ட பால்பஹாரி அணை அவற்றுள் ஒன்று. தாமோதர் ஆற்றில் தெனுகாட் அணையைப் பிற்காலத்தில் அன்றைய பீகார் அரசு கட்டியது. அது தாமோதர் பள்ளத்தாக்குக் கழகத்தின் கட்டுப்பாட்டில் இல்லை.

கட்டப்பட்ட அணைகளும் முழு அளவில் பயன்படவில்லை. மைத்தோன் அணை 500 அடி வரை நீரைத் தேக்கும் வகையில் வடிவமைக்கப்பட்டது. ஆனால் 495 அடி வரை மூழ்கக்கூடிய நிலம் மட்டுமே கையகப்படுத்தப்பட்டது. பஞ்சேத்தில் இடைவெளி இன்னும் பெரிது. அங்கு வெள்ளத்துக்கான அடுக்கு 410 அடியிலிருந்து 445 அடி வரை திட்டமிடப்பட்டது; நிலம் கிடைத்ததோ 425 அடி வரை மட்டுமே. 35 அடி உயரத்தில் 20 அடி கைவிட்டுப்போனது. நீர்த்தேக்கம் மேலே செல்லச்செல்ல அகலம் கூடுமாதலால், இழந்த கொள்ளளவு இந்த விகிதத்தைவிடவும் அதிகம். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் படிந்துவரும் வண்டலும் கொள்ளளவைக் குறைத்துவருகிறது.

மேலும் நிலம் எடுப்பது எளிதன்று. ஏற்கெனவே எடுக்கப்பட்ட நிலத்துக்காகச் சந்தால் பழங்குடியினர் உள்ளிட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. பஞ்சேத் நீர்த்தேக்கத்தில் புருலியா மாவட்டத்தின் தொன்மையான தேல்குபி கோயில் தொகுதியின் பெரும்பகுதி மூழ்கியது. நீர்மட்டம் குறையும்போது எஞ்சிய கோயில்களை இன்றும் காணலாம்.

சுற்றுலாத் தலமாக மைத்தோன்

நீருக்குள் ஆங்காங்கே எழும் பசுமையான தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த குன்றுகளுமே மைத்தோனின் தனி அழகு. மூழ்கிய பள்ளத்தாக்கின் மேட்டுப்பகுதிகளே இன்று தீவுகளாகக் காட்சியளிக்கின்றன. துடுப்புப் படகுகளிலும் விசைப்படகுகளிலும் பயணிகள் இத்தீவுகளுக்குச் சென்றுவருகின்றனர். மான் பூங்காவும் இங்கு உள்ளது. குளிர்காலத்தில் வலசைப் பறவைகளைக் காணலாம். புத்தாண்டையொட்டிய நாள்களில் கூட்டம் மிக அதிகமாக இருக்கும். படகோட்டிகள், உணவுக் கடைக்காரர்கள், விடுதிப் பணியாளர்கள் எனப் பலரது ஆண்டு வருவாயில் பெரும்பங்கு இந்தச் சில மாதங்களிலேயே கிடைக்கிறது. பஞ்சேத், திலையா அணைப் பகுதிகளும் இவ்வாறே சுற்றுலாத் தலங்களாக வளர்ந்துள்ளன. பஞ்சேத் மலையடிவாரத்தில் உள்ள கர்பஞ்ச்கோட் கோயில் சிதைவுகளும் பயணிகளை ஈர்க்கின்றன.

வெள்ளத் தடுப்பும் சுற்றுலாவும் பெரும்பாலும் மோதிக்கொள்ளாமல் இருப்பதற்குக் காரணம், இரண்டின் பருவங்களும் வெவ்வேறாக இருப்பதே. ஜூன் முதல் செப்டம்பர் வரை அணை வெள்ளத்தைக் கவனிக்கிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை, சேமிக்கப்பட்ட நீரின் மீது படகுகள் செல்கின்றன. கோடையில் நீர்மட்டம் இறங்கி, கரையோரத்தில் வறண்ட நிலம் அகன்று தெரிவது இயல்பானதே. வரவிருக்கும் மழைக்கு நீர்த்தேக்கம் தயாராக இருப்பதன் அடையாளமாகவும் அது அமையும்.

கரையோரக் கிராம மக்களுக்கு இந்த நீர்ப்பரப்பு பொழுதுபோக்கு இடமன்று. தன்பாத், ஜாம்தாரா மாவட்டங்களுக்கு இடையே பராகர் ஆற்றைக் கடக்க அவர்கள் படகுகளையே நம்பியுள்ளனர். 2022 பிப்ரவரியில் பார்பெண்டியா பகுதியில் சூறைக்காற்றில் படகு கவிழ்ந்து பலர் உயிரிழந்தனர். பரந்த நீர்த்தேக்கத்தில் திடீர்க் காற்று எவ்வளவு ஆபத்தானது என்பதை அந்த விபத்து உணர்த்தியது. படகில் செல்வோர் உயிர்காக்கும் மேலங்கி அணிவதும், வானிலை மாறும் அறிகுறி தெரிந்தால் பயணத்தைத் தவிர்ப்பதும் அவசியம். எச்சரிக்கைக்குப்பின் மதகுகள் திறக்கப்படும்போது ஆற்றின் நீர்மட்டம் விரைவாக உயரும் என்பதால், அணைக்குக் கீழே ஆற்றில் இறங்குவதும் ஆபத்தானதே.

2024 சர்ச்சை

2024 செப்டம்பரில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலத்தால் ஜார்க்கண்டிலும் மேற்கு வங்கத்திலும் கனமழை பெய்தது. மைத்தோன், பஞ்சேத் அணைகளிலிருந்து பெருமளவு நீர் திறக்கப்பட்டதைத் தொடர்ந்து, ஹூக்ளி, ஹவுரா உள்ளிட்ட மாவட்டங்களின் தாழ்வான பகுதிகள் நீரில் மூழ்கின. இது ‘மனிதர்களால் உருவாக்கப்பட்ட வெள்ளம்’ என்று மேற்கு வங்க முதலமைச்சராக இருந்த மம்தா பானர்ஜி குற்றஞ்சாட்டி, பிரதமருக்குக் கடிதம் எழுதினார். நீர்த் திறப்பு குறித்து மாநில அதிகாரிகளுக்கு ஒவ்வொரு கட்டத்திலும் தகவல் தெரிவிக்கப்பட்டதாக மத்திய அரசு பதிலளித்தது. அதை ஏற்காத மாநில அரசு, தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் தொடர்பான அமைப்புகளிலிருந்து தனது பிரதிநிதிகளை விலக்கிக்கொண்டது.

தூர்வாராததால் அணைகளின் கொள்ளளவு குறைந்துவிட்டது என்பது மேற்கு வங்கத்தின் நீண்டகாலப் புகார். அணைகள் இல்லாவிடில் பாதிப்பு இன்னும் கடுமையாக இருந்திருக்கும் என்பது மறுதரப்பின் வாதம். இரண்டிலும் உண்மை உள்ளது. வினாடிக்கு 10 லட்சம் கன அடி வரையிலான வெள்ளத்தை 2.5 லட்சம் கன அடியாகக் குறைப்பதே வூர்டுவின் திட்டத்தின் இலக்கு. அதற்குத் தேவையான இடத்தில் ஒரு பகுதியே உருவாக்கப்பட்டது. மறுபுறம், சமவெளியில் ஆற்றின் தாங்குதிறனும் காலப்போக்கில் குறைந்துவிட்டது. கீழ்ப்பகுதியில் முண்டேஸ்வரி, அம்தா என இரு கிளைகளாகப் பிரியும் தாமோதரின் வாய்க்கால்கள் மணலாலும் வண்டலாலும் மேடிட்டுள்ளன. இதனால் திட்டத்தில் பாதுகாப்பானதாகக் கருதப்பட்ட அளவைவிடக் குறைந்த நீர்த் திறப்பும் இன்று கானாகுல், உதயநாராயண்பூர் போன்ற பகுதிகளில் வீடுகளுக்குள் புகுந்துவிடுகிறது.

நீர்த்தேக்கங்களில் வண்டல் அகற்றுதல், கீழ்ப்பகுதி ஆற்றுக் கிளைகளைச் சீரமைத்தல், எஞ்சிய நிலத்தைக் கையகப்படுத்துதல், மேற்பகுதியில் கூடுதல் அணை கட்டுதல் ஆகிய தீர்வுகள் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டுவருகின்றன. ஒவ்வொன்றுக்கும் பெரும் நிதியும் இரு மாநிலங்களின் ஒத்துழைப்பும் தேவை. நிலம் மூழ்குவது ஜார்க்கண்டில் என்றால், வெள்ளத்திலிருந்து காக்கப்படுவது மேற்கு வங்கத்தில் என்பதே அந்த ஒத்துழைப்புக்கு நீண்டகாலமாக இருந்துவரும் தடையாகும்.