பிள்ளை வளர்ப்பானும் பெரட்டும்: சப்பிரகமுவத் தோட்டங்களிற் குழந்தைகளின் 'பயந்த கோளாறு'

மலையகத் தமிழர் வாழ்வியலை ஆராய்ந்தோர் கண்டி, நுவரெலியா மாவட்டங்களுக்கு அளித்த கவனத்தைச் சப்பிரகமுவைக்கு அளித்தாரல்லர். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் தேயிலையோடு இறப்பரும் பயிராகின்றது. தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. இவ்விரு இயல்புகளையும் மனங்கொள்ளாது அங்குள்ள குழந்தை மருத்துவத்தை விளங்கிக்கொள்ள இயலாது.

உறக்கத்தில் திடுக்கிட்டு அழுதல், பால் மறுத்தல், தாயை விட்டு அகல அஞ்சுதல் என்பவற்றைப் பெண்கள் 'பயந்த கோளாறு' என்பர். வசம்பைச் சுட்டு இழைத்து நாவில் தடவுவர். அதனையே வளையலாகக் கோத்துக் கையிற் கட்டுவர். கடுக்காய், மாசிக்காய், சாதிக்காய், சுக்கு முதலியவற்றைக் கல்லில் உரைத்து ஊட்டுவது உரைமருந்து. வேப்பிலை அடித்துத் திருநீறு பூசுவதும் உண்டு. பாடத்தில் மனம் பதியாத சிறுவருக்கு வல்லாரை. திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரைப் பகுதிகளிலிருந்து வந்தோர் உடன்கொணர்ந்த அறிவு இது. எனினும் வல்லாரையைச் சிங்கள உழவர் குடும்பமும் கொட்டுகொல என்ற பெயரில் அதே வயல் வரம்பிற் பறிக்கின்றது. வசம்பு அவர்களுக்கு வதகஹ. பண்பாட்டுத் தனித்துவம் பேசுவோர் இதனைக் கண்டுகொள்வதில்லை.

வசம்புக்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்றும் 'பேர் சொல்லா மருந்து' என்றும் பெயர்களுண்டு. முன்னைய பெயர் தோட்டங்களுக்கு முற்பட்டது. ஆயின் தோட்டத்தில் அது புதுப்பொருள் பெற்றது எனலாம். அதிகாலைக் குளிர்ச்சியிலேயே இறப்பர்ப் பால் நன்கு வடியும். ஆகவே விடியுமுன்னரே தாய் பெரட்டுக்குச் செல்ல, குழந்தை பிள்ளைக்காம்பராவிற்குச் செல்கின்றது. மரத்திற் பால் வெட்டும் நேரமும் மகவுக்குப் பாலூட்டும் நேரமும் ஒன்றாகிவிட்ட இடத்தில், தாயின் இருப்புக்கு ஈடாக ஒரு வேர்த்துண்டு நிற்கின்றது. 1872ஆம், 1912ஆம் ஆண்டுகளின் வைத்தியத் தேவைகள் சட்டங்கள் தோட்டத்துக்கு மருந்துக்காரரைக் கொணர்ந்தன. உழைப்பாற்றலைப் பேணுவதே அவற்றின் முதன்மை நோக்கமாதலின், குழந்தையின் அச்சம் அவர்தம் ஏட்டில் நோயாகப் பதிவு பெறுதற்கு இடமிருக்கவில்லை.

இங்கிலாந்தின் ஆலைப் பகுதிகளில் தாய்மார் வேலைக்குச் சென்றபோது குழந்தைகளுக்கு அபின் கலந்த மருந்து ஊட்டப்பட்டமையை மார்க்ஸ் 'மூலதனம்' முதல் தொகுதியில் (1867) எடுத்துக்காட்டுகின்றார். பம்பாய் ஆலைத் தொழிலாளர் குழந்தைகளுக்கும் அபின் உருண்டை கொடுக்கப்பட்டது. வசம்பு அபினன்று, தோட்டத்துப் பெண் தன் குழந்தையை மயக்கவில்லை, தேற்றவே முயன்றாள். ஆயினும் மூன்று இடங்களிலும் மருந்து நிரப்பியது உழைப்பு நேரம் விட்டுச்சென்ற ஒரே வெற்றிடத்தையே.

இவ்வறிவை மூடநம்பிக்கையெனத் தள்ளுதல் எளிது. 'பாட்டி வைத்தியம்' எனப் போற்றிப் புட்டியிலடைத்து விற்றல் அதனினும் எளிது. வசம்பிலுள்ள பீற்றா-அசரோன் விலங்குகளிற் புற்றுநோயை உண்டாக்கியமை காரணமாக, ஐக்கிய அமெரிக்கா 1968இல் அதனை உணவிற் சேர்ப்பதைத் தடைசெய்தது. எனவே கைக்குழந்தைக்கு அதனை ஊட்டுதல் ஏற்கத்தக்கதன்று. வல்லாரை நல்ல கீரை. கவனக்குறைவைத் தீர்க்கும் என்பதற்குப் போதிய சான்றில்லை. இரும்புச்சத்துக் குறைவு சிறுவரின் கவனத்தைப் பாதிக்கும் என்பதற்கோ சான்று உண்டு. வெறுந்தேநீர் குடித்துப் பள்ளிக்கு வரும் சிறுவனின் கவனக்குறைவுக்கு அவன் மூளையில் மட்டும் காரணம் தேடுவது ஆய்வாகாது.

அச்சத்துக்கும் வரலாறு உண்டு. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள் சப்பிரகமுவத் தோட்டங்களையும் தாக்கின. 1981 ஆகத்தில் இரத்தினபுரி மாவட்டத்தில் லயங்கள் எரிக்கப்பட்டன. பல குடும்பங்கள் வவுனியாவை நோக்கிப் பெயர்ந்தன. அன்று குழந்தைகளாயிருந்தோர் இன்று நடுவயதைக் கடக்கின்றனர். 'பயந்த கோளாறு' என்ற சொல்லின் பொருள் வரலாற்றை எழுத முற்படுவோர் அவர்களிடம் செல்லுதல் வேண்டும். பாலவாகட ஏடுகளில் அந்த அச்சத்துக்கு இடமில்லை.