சிரைவழி மருந்தேற்ற வீதம்

சிரைவழி மருந்தேற்ற வீதம் என்பது நோயாளியின் சிரைக்குள் நீர்மமோ மருந்தோ குறிப்பிட்ட நேரத்தில் எவ்வளவு செலுத்தப்படுகிறது என்பதைக் குறிக்கும் அளவாகும். பேச்சுவழக்கில் 'டிரிப்ஸ் போடுதல்' எனப்படும் இம்முறையில் வீதத்தைக் கணக்கிட்டுக் கண்காணிப்பது பெரும்பாலும் செவிலியரின் பணியாகும்.

தொடக்கம்

1831-32 இல் பிரித்தானியாவில் காலரா பரவியபோது, நோயாளிகளின் குருதியில் நீரும் உப்பும் குறைந்திருப்பதை வில்லியம் புரூக் ஓ'சாக்னசி கண்டறிந்தார். இவரே பின்னாளில் கொல்கத்தாவில் பணியாற்றி, இந்தியாவில் தந்திச் சேவையைத் தொடங்கியவர். இவருடைய ஆய்வைப் பின்பற்றி, ஸ்காட்லாந்தின் லீத் நகர மருத்துவர் தாமசு லாட்டா 1832 இல் முதன்முதலாக உப்புநீரைச் சிரைவழியே செலுத்தினார். முதல் நோயாளி ஒரு முதிய பெண். அரை மணி நேரத்தில் 6 பைண்டு, அதாவது ஏறத்தாழ 3.4 லிட்டர் செலுத்தப்பட்டது. நின்றுபோயிருந்த நாடித்துடிப்பு திரும்பியது. ஆனால் லாட்டா சென்றபின் வாந்தியும் பேதியும் மீண்டும் தொடங்கின. சுமார் ஐந்தரை மணி நேரத்தில் அப்பெண் இறந்தார். மீண்டும் செலுத்தியிருந்தால் அவர் பிழைத்திருப்பார் என லாட்டா கருதினார். எவ்வளவு செலுத்துவது என்பதோடு, எவ்வளவு நேரத்துக்குத் தொடர்வது என்பதும் உயிர்காக்கும் கேள்வி என்பதை இந்நிகழ்வு காட்டியது.

சொட்டுமுறையும் செவிலியரும்

1923 இல் புளோரன்சு சைபர்ட், ஊசிக்குப் பின் வரும் காய்ச்சலுக்கு வடிநீரில் கலந்த பாக்டீரியப் பொருள்களே காரணம் என நிறுவினார். 1924 இல் ருடால்ப் மாடாசு தொடர்ச்சியான சொட்டுமுறையை விவரித்தார். 1940 இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்சு பொது மருத்துவமனையில் ஆடா புளூமர் முதல் சிரைவழிச் சிகிச்சைச் செவிலியரானார். அதுவரை இது மருத்துவரின் பணியாகவே இருந்தது.

கணக்கிடும் முறை

நிமிடத்துக்கான சொட்டுகள் = (மில்லிலிட்டரில் கனஅளவு × சொட்டுக் காரணி) ÷ நிமிடங்கள்

சொட்டுக் காரணி என்பது 1 மி.லி. நீர்மத்தில் உள்ள சொட்டுகளின் எண்ணிக்கை. இது குழாயின் உறையில் அச்சிடப்பட்டிருக்கும். பெருஞ்சொட்டுக் குழாயில் 10, 15 அல்லது 20. நுண்சொட்டுக் குழாயில் 60.

எடுத்துக்காட்டாக, 1000 மி.லி. உப்புநீரை 8 மணி நேரத்தில், 20 சொட்டுக் குழாய் வழியே செலுத்த வேண்டுமெனில்: (1000 × 20) ÷ 480 = 41.67, அதாவது நிமிடத்துக்கு 42 சொட்டுகள். நுண்சொட்டுக் குழாயில் 60 சொட்டும் 60 நிமிடமும் ஒன்றையொன்று நீக்கிவிடுவதால், மணிக்கான மில்லிலிட்டர் எண்ணே நிமிடத்துக்கான சொட்டு எண்ணாகும்.

பிழைகளும் கருவிகளும்

பொட்டாசியம் குளோரைடு விரைந்து சென்றால் இதயம் நின்றுவிடலாம். இத்தகைய மருந்துகளுக்கு மருந்தேற்றுப் பம்புகள் பயன்படுகின்றன. எனினும் 2005-2009 காலத்தில் இப்பம்புகள் தொடர்பாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்துக்கு ஏறத்தாழ 56,000 பாதக நிகழ்வு அறிக்கைகள் வந்தன. மென்பொருள் கோளாறு, இயக்குவதில் ஏற்படும் குழப்பம் ஆகியவை காரணங்களில் அடங்கும். எனவே, பம்பு உள்ள இடங்களிலும் செவிலியர் வீதத்தைத் தாமே கணக்கிட்டுச் சரிபார்க்கப் பயிற்றுவிக்கப்படுகின்றனர்.