குதிரைக்கும் லாஸ்ட் மைல் பிரச்சினை

புழல், மாதவரம், எண்ணூர் பக்கம் கன்டெய்னர் லாரி க்யூல மாட்டினவங்களுக்குத் தெரியும்: சரக்கு கடலைத் தாண்டி வந்துடும், கடைசி சில கிலோமீட்டர்தான் உயிரை வாங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டுல இதே கரைக்கு வந்த ஒரு சரக்கு, உயிருள்ள குதிரை.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ்ல இருந்து வந்ததால அதுக்குப் பேரு ‘வேலர்’. பிரிட்டிஷ் ராணுவத்துக்குக் குதிரைப்படை ஓட்ட இதுதான் வேணும். பாய்மரக் கப்பல்ல வாரக்கணக்கா நின்னுக்கிட்டே பயணம். குதிரையால வாந்தி எடுக்கவே முடியாது. அதனால கடல் ஆட்டத்துல அதோட நிலைமையை யோசிச்சுப் பாருங்க.

இவ்வளவு தாண்டி சென்னை வந்தா, இங்க ஹார்பரே இல்லை! கப்பல் அலைகளுக்கு வெளியே நங்கூரம் போடும். ஹார்பர் இல்லாத ஊர்கள்ல குதிரையோட வயித்துல பட்டை கட்டித் தூக்கி, கடல்ல இறக்கி, நீந்த விடுறது அந்தக் காலத்து வழக்கம். ஆட்களும் சரக்கும் கரை சேர்ந்தது மசூலா படகுல. ஆணியே இல்லாம, தேங்காய் நார்க் கயித்தால பலகைகளைத் தைச்ச படகு அது. அலை அடிச்சா உடையாம வளைஞ்சு கொடுக்கும். கவிழ்ந்தா ஆளைத் தூக்கக் கட்டுமரக்காரங்க பக்கத்துலயே வருவாங்க. செம டிசைன்.

சரி, வழியில குதிரை செத்தா நஷ்டம் யாருக்கு? பாண்டியர் காலத்துக்குப் போனா, பதில் கொஞ்சம் ஷாக்கா இருக்கும். அரபு, பாரசீகக் குதிரைகள் இறங்கின காயல் துறை பத்தி எழுதின பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், ஒரு குதிரை 220 செம்பொன் தினார்னும், கடல்ல செத்ததுக்கும் கஜானாவே காசு கொடுத்துச்சுன்னும் சொல்றார். அதாவது பாக்கெட் லாஸுக்கும் பில்! லாடம் கட்டுறவங்களை இங்க வரவே வியாபாரிகள் விடலைன்னு மார்க்கோ போலோ எழுதியிருக்கார். குதிரை சீக்கிரம் செத்தாத்தானே அடுத்த ஆர்டர்.

சென்னையில 1875-ல ஆரம்பிச்ச ஹார்பர் வேலையை 1881 புயல் பெயர்த்துப் போட்டுச்சு. அப்புறம் அதைத் திரும்பக் கட்டினாங்க. மசூலா படகுக்கு வேலை குறைஞ்சது.

ஜே. பி. ஈஸ்ட் 1834-ல சென்னையில ஆஸ்திரேலியக் குதிரைகள் இறங்குறதை வரைஞ்சிருக்கார். ஓவியத் தலைப்புல குதிரை இருக்கு, கட்டுமரம் இருக்கு, மசூலா படகும் இருக்கு. துடுப்பு போட்டவங்க பேரு எதுவும் இல்லை.