ஈமாக்ஸ் பொதிகளின் சார்புகள்

ஈமாக்ஸ் பொதிகளின் சார்புகள் எனப்படுபவை, ஈமாக்ஸ் உரைத்தொகுப்பிக்காக எழுதப்படும் ஒரு பொதி இயங்குவதற்குத் தேவையான, பிறர் எழுதிய நிரல் நூலகங்கள் ஆகும். பொதியைப் பொதுக் களஞ்சியம் ஒன்றுக்கு அளிப்பவர் தம் நிரலுடன் அந்நூலகங்களின் உரிமம், பராமரிப்பு ஆகியவற்றையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

அறிவிக்கும் முறை

ஈமாக்ஸ் 24 (2012) முதல் பொதி மேலாளர் ஈமாக்சுடனேயே வருகிறது. பொதியின் முதன்மைக் கோப்பிலுள்ள 'பேக்கேஜ்-ரிக்வயர்ஸ்' என்னும் தலைப்பு வரியில், தேவையான பொதிகளின் பெயர்களும் குறைந்தபட்சப் பதிப்பு எண்களும் குறிக்கப்படும். நிறுவும்போது அவையும் தாமாகவே தரவிறக்கப்படும். பதிப்புக்கு மேல் எல்லை குறிக்க இயலாது. எனவே நூலகம் பின்னாளில் மாறினால், அதைச் சார்ந்த பொதி பழுதுபடக்கூடும்.

களஞ்சிய விதிகள்

* குனூ எல்பா: நிரலின் பதிப்புரிமை கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைக்கு எழுதித் தரப்பட வேண்டும். சார்புகளும் இக்களஞ்சியத்திலோ ஈமாக்சிலோ இருத்தல் வேண்டும்.
* நான்குனூ எல்பா: பதிப்புரிமையை எழுதித் தர வேண்டியதில்லை, கட்டற்ற உரிமம் கட்டாயம். ஈமாக்ஸ் 28 (2022) முதல் இயல்பாகவே இணைக்கப்பட்டுள்ளது.
* மெல்பா: தன்னார்வலர்கள் நடத்துவது. ஆசிரியரின் நிரலகத்திலிருந்து நேரடியாகப் பொதி உருவாக்கப்படும்.

மெல்பாவில் மட்டும் உள்ள நூலகத்தைச் சார்ந்த பொதி குனூ எல்பாவில் இடம்பெற இயலாது. பட்டியல்களைக் கையாளும் 'டாஷ்' நூலகம் குனூ எல்பாவில் உள்ளதால், அதைப் பயன்படுத்துவோர்க்கு இத்தடை இல்லை.

சார்புகளைக் குறைத்தல்

2016 மார்ச்சில் என்பிஎம் களஞ்சியத்திலிருந்து 'லெஃப்ட்-பேட்' என்னும் 11 வரி நிரல் நீக்கப்பட்டபோது, பேபல் உள்ளிட்ட பல மென்பொருள்களை நிறுவ இயலாமற் போயிற்று. சிறு தேவைக்காக வெளி நூலகத்தை நாடுவதன் இடரை இந்நிகழ்வு உணர்த்தியது. ஈமாக்ஸ் 25 (2016) முதல் உடன்வரும் 'செக்' நூலகம் டாஷின் பல பணிகளைச் செய்யும். நூலகத்தின் படியைப் பொதிக்குள் சேர்ப்பது தீர்வாகாது. ஈமாக்ஸ் லிஸ்பில் தனிப் பெயர்வெளிகள் இல்லை. ஆதலால் ஒரே நூலகத்தின் இரு படிகள் ஏற்றப்பட்டால் பிந்தியது முந்தியதை மேலெழுதிவிடும்.

தமிழும் சார்புகளும்

தமிழ் எழுத்துகளைத் திரையில் சரியாகக் காட்ட ஈமாக்ஸ் வெளி நூலகத்தையே நம்பியுள்ளது. 'கொ' என்பதில் உயிர்க்குறி மெய்யின் இருபுறமும் அமைய வேண்டும். இதற்கு ஈமாக்ஸ் 27 (2020) முதல் ஹார்ஃப்பஸ் விரும்பத்தக்க நூலகமாக உள்ளது. லினக்ஸில் அதற்கு முன் எம்17என் நூலகம் பயன்பட்டது. இத்தகைய நூலகம் இன்றித் தொகுக்கப்பட்ட ஈமாக்சில் குறிகள் இடம் மாறித் தோன்றும். எழுத்துருப் பொதி எதுவும் இக்குறையை நீக்காது.

உள்ளீட்டில் நிலைமை வேறு. தமிழ்99 முதலிய விசைமுறைகள் ஈமாக்சின் 'குவெயில்' கட்டமைப்பிலேயே உள்ளன. எனவே தமிழ் எழுதுவோருக்கான பொதி, வெளிச் சார்பு எதுவுமின்றி அவற்றைப் பயன்படுத்தலாம்.

இவற்றையும் பார்க்கவும்

* தமிழ்99
* ஒருங்குறி
* கட்டற்ற மென்பொருள்