பள்ளத்தில் வீழ்ந்ததைத் தூக்கிய வண்டி



கண்டியிலிருந்து மாத்தளைக்கு வரும் பெருவீதி பலகடுவைக் கணவாயில் ஏறி, வளைந்து வளைந்து இறங்குகின்றது. இரத்தோட்டைக்கு அப்பால் ரிவர்ஸ்டன் வழியே செல்லும் பாதையோ அதனினும் குறுகியது. இத்தகைய வீதிகளை அண்டி வாழும் நமக்குப் 'பிரேக்டவுன் லொறி' புதியதன்று. ஆயினும் அது பிறந்த கதையை அறிந்தோர் சிலரே.

ஐக்கிய அமெரிக்காவின் டென்னசி மாநிலத்திலே சட்டனூகா என்றொரு நகரம் உண்டு. அங்கே கராஜ் நடத்திவந்தவர் ஏர்னஸ்ட் ஹோம்ஸ். 1916ஆம் ஆண்டில் அவருடைய பழைய ஆசிரியர் ஒருவரின் போர்ட் கார் ஓடையொன்றிற் கவிழ்ந்தது. கயிறும் கட்டைகளும் கொண்டு, ஆறுபேர் துணையுடன் அதனை மீட்க எட்டு மணி நேரம் சென்றதென்பர். அன்று பட்ட பாடே ஹோம்ஸைச் சிந்திக்க வைத்தது. 1913ஆம் ஆண்டுக் கடிலாக் கார் ஒன்றின் பின்புறத்தில் மூன்று கம்பங்களை நாட்டிக் கப்பியையும் சங்கிலியையும் பொருத்தினார்.

ஆனால், கனத்த வண்டியை இழுத்தபோது இழுக்கும் வண்டியே சாய முற்பட்டது. ஆகவே, நிலத்தில் ஊன்றி நிற்கும் பக்கக் கால்களை அமைத்தார். பின்னர் வந்த அவருடைய இரட்டைக் கை அமைப்பே பெரும் புகழ் பெற்றது. ஒரு கையின் வடத்தை எதிர்ப்புறத்து மரத்திற் கட்டிவிட்டு, மறு கையின் வடத்தாற் பள்ளத்து வண்டியை இழுப்பார்கள். முத்துமாரியம்மன் தேர்களை இழுத்துப் பழகிய மாத்தளை மக்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. வடம் பிடிப்போர் ஆயிரவரானாலும், முட்டுக்கட்டை போடுபவரின்றித் தேர் நகருமோ? இரண்டாம் உலகப் போரில் 'டயமண்ட் டி' இராணுவ லொறிகளிலும் ஹோம்ஸின் இரட்டைக் கைகள் ஏறின.

இத்தகைய பழைய வண்டிகள் இன்று அரியனவாயின. ஏன்? செல்வர்கள் ஓட்டிக் கழித்த பெரிய கார்களின் அடிச்சட்டங்களே அக்காலத்தில் இவற்றுக்குப் பயன்பட்டன. உழைத்துத் தேய்ந்தபின் பல பழைய இரும்பாயின. தப்பியவற்றுக்கும் ஓர் ஆபத்து உண்டு. புதுப்பிக்க முனைவோர் தூக்குக் கையைக் கழற்றி எறிந்துவிட்டு, மீண்டும் சொகுசுக் காராக ஆக்கிவிடலாம். விலையும் மிகும், அழகும் கூடும். ஆனால், வீதியில் அது செய்த ஊழியம் மறைந்துபோம். எனக்கு அதில் உடன்பாடில்லை.

1995இல் சட்டனூகாவில் இத்தொழிலுக்கென்றே ஓர் அரும்பொருட்சாலை திறக்கப்பட்டது. 1913ஆம் ஆண்டு லோக்கோமொபில் காரின் மேல் ஹோம்ஸின் தூக்குக் கருவி ஏறிய நிலையிலேயே அங்கு பேணப்பட்டுள்ளது. செல்வர் காரும் தொழிலாளியின் கருவியும் ஒருங்கே நிற்பதுதான் அதன் சிறப்பு.

இவ்வகை வண்டியைப் புதுப்பிப்பவர் பழைய கம்பிவடத்தை மட்டும் இரக்கமின்றி அகற்றிவிட வேண்டும். உள்ளே துருவேறிய வடம் பாரத்தில் அறுந்தால் சவுக்குப்போல் வீசி ஆளைக் கொல்லும். பற்சக்கரத்தையும் உருளையையும் கழற்றித் துப்புரவாக்கி, எண்ணெயிட்டு மீளப் பூட்டலாம். பாரந் தாங்காத பாகத்தில் தேய்மானம் இருந்தால், அஃது அப்படியே இருக்கட்டும்.