துப்புக்கூலி முதல் பிட்காயின் வரை: சங்கரன்கோவில் வட்டாரத்தில் வணிகக் காவல்

ஆடித்தபசு விழாவாலும் விசைத்தறிச் சேலைகளாலும் இன்று அறியப்படும் சங்கரன்கோவில், பதினெட்டாம் நூற்றாண்டில் பாளையங்கள், அதாவது பாளையக்காரர் ஆண்ட குறுநிலங்கள், சூழ்ந்த ஊராக இருந்தது. பூலித்தேவரின் நெற்கட்டும்செவலும் தலைவன்கோட்டை, சிவகிரி, ஊற்றுமலை ஆகிய பாளையங்களும் அதே வட்டாரத்தவை. வணிகரின் சரக்குக்கும் உழவரின் மாட்டுக்கும் அன்று பாதுகாப்பாக இருந்தது காவல் என்னும் ஏற்பாடு. ஓர் ஊரை மட்டும் காப்பது ஸ்தல காவல் என்றும், பல ஊர்களையும் அவற்றுக்கிடையிலான பாதைகளையும் பாளையக்காரர் காப்பது தேச காவல் என்றும் வழங்கின. இவற்றுக்காக ஊரார் தானியமாகவோ பணமாகவோ கூலி கொடுத்தனர். கூலி பெற்ற காவல்காரர் ஏற்ற பொறுப்பும் சிறிதன்று: களவுபோன பொருளை அவர் மீட்டுத் தரவேண்டும், இயலாவிடில் அதன் மதிப்பை ஈடுகட்ட வேண்டும்.

கூலி கொடுக்க மறுத்த ஊரில் களவு நடப்பதும், காப்பவரே களவுக்கு உடந்தையாவதும் இவ்வேற்பாட்டின் மறுபக்கம். மாட்டைப் பறிகொடுத்தவர் இடையாள் ஒருவர் வழியாகத் துப்புக்கூலி, அதாவது துப்புச் சொல்வதற்கான கூலி, கொடுத்தால், குறித்த இடத்தில் மாடு கட்டிக்கிடக்கும். ஓட்டிச் சென்றவர் யார் என்று கேட்பது வழக்கமில்லை. ஆங்கிலேய அதிகாரிகள் இதை அச்சுறுத்திப் பணம் பறிப்பதாகவே கண்டனர். அவர்கள் கண்டது தவறன்று; ஆயினும் கொடுத்த கூலிக்கு மாடு திரும்பி வந்ததால்தான் ஊரார் இவ்வழக்கத்தைப் பொறுத்துக்கொண்டனர் எனலாம்.

1801-இல் பாளையக்காரர் வீழ்ந்தபின் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு அவர்களுடைய காவல் உரிமையை எடுத்துக்கொண்டது. 1859-ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணத்துக்கு ஊதியம் பெறும் போலீஸ் படையைத் தந்தது. திருடனைப் பிடிப்பது அரசின் கடமையாயிற்று, இழப்பை ஈடுகட்டுவதோ யாருடைய கடமையும் இல்லாமற்போயிற்று. தென்மாவட்ட நாடார் வணிகர்கள் மகமை என்னும் பொதுநிதி திரட்டி, வண்டிகளும் சரக்கும் இரவில் தங்க மதில் சூழ்ந்த பேட்டைகளை அமைத்தது இத்தகைய காப்பின்மைக்கு அவர்கள் தாமே கண்ட விடை.

இன்று இணையதளம் வைத்துச் சேலை விற்கும் சிறு வணிகரும் இழப்பை ஈடுகட்ட யாருமில்லாத இதே நிலையில்தான் இருக்கிறார். தளம் குடியிருக்கும் சர்வர் என்னும் கணினிக்கு அவர் ஆண்டு வாடகை கட்டுகிறார். ஆனால் பழைய காவல்காரரைப்போல் இழப்புக்கு ஈடு தரும் பொறுப்பை வாடகை பெறுவோர் பொதுவாக ஏற்பதில்லை. 2017 ஜனவரியில் உலகெங்கும் கடவுச்சொல் இல்லாமல் திறந்துகிடந்த ஆயிரக்கணக்கான மோங்கோடிபி தரவுத்தளங்களை, அதாவது வாடிக்கையாளர் விவரமும் கணக்கும் அடுக்கப்பட்ட மின்பதிவேடுகளை, ஹேக்கர்கள் அழித்து, மீட்புத்தொகையாகப் பிட்காயின் கேட்டுக் குறிப்பு விட்டுச் சென்றனர். பலவற்றில் அவர்கள் நகலே எடுக்கவில்லை. ஆகவே பணம் கொடுத்தவர்களிலும் பலருக்கு எதுவும் திரும்பவில்லை. துப்புக்கூலியில் இருந்த குறைந்தபட்ச நாணயம்கூட இதில் இல்லை.

சிறு கடையை யார் குறிவைப்பார்கள் என்னும் நம்பிக்கையும் இங்கு உதவாது. கடையின் பெயரையே அறியாத தானியங்கி நிரல்கள், புதுப்பிக்கப்படாத மென்பொருளையும், வேலையை விட்டுப்போன ஊழியர் பெயரில் இன்னும் திறக்கும் கணக்கையும், எளிதில் ஊகிக்கத்தக்க கடவுச்சொல்லையும் ஓயாது தேடித் திரிகின்றன. மென்பொருளை உடனுக்குடன் புதுப்பிப்பதும், கடவுச்சொல்லோடு கைப்பேசிக்கு வரும் ஓடிபி போன்ற இரண்டாம் சான்றையும் கேட்க வைப்பதும் இவ்வழிகளைப் பெரும்பாலும் அடைத்துவிடும்.

அரசின் பங்கு பெரிதும் சட்டமும் புகாரும் சார்ந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இல் வந்தது. செர்ட்-இன் எனப்படும் கணினி அவசரநிலைக் குழு 2004 முதல் இயங்குகிறது. ஊடுருவலை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 2022-இல் அக்குழு ஆணையிட்டது. பணம் பறிபோனால் 1930 என்னும் எண்ணில் விரைந்து புகார் கொடுக்க, அத்தொகை கைமாறும் வழியில் வங்கிகளில் முடக்கப்பட வாய்ப்புண்டு. அழிந்த கணக்கேட்டை அந்த எண்ணால் மீட்க முடியாது. அதற்கு வணிகர் தாமே சர்வருக்கு வெளியே வேறோரிடத்தில் எடுத்து வைத்து, திறக்கிறதா என்று அவ்வப்போது சோதித்துவந்த நகல் வேண்டும்.