இரண்டு ஏரி, ஒரே கலெக்டர்

ஜிஎஸ்டி சாலையில் செங்கல்பட்டு தாண்டி, பாலாற்றுப் பாலமும் தாண்டினால் படாளம் கூட்டுரோடு. (பாலத்தருகே வருகிற மாமண்டூரைக் குடைவரை மாமண்டூர் என்று நினைத்து இறங்கிவிடாதீர்கள். மகேந்திரவர்மனின் மாமண்டூர் தூசி பக்கம் இருக்கிறது. நான் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன்.) போன ஞாயிற்றுக்கிழமை இங்கிருந்து காலையில் வேடந்தாங்கல், மாலையில் மதுராந்தகம் என்று பைக்கில் ஒரு சுற்று. இரண்டு ஊர்க் கதைகளிலும் ஒரே ஆள் வருகிறார்: 1794 முதல் 1798 வரை கும்பினி ஜாகீரின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ்.

மதுராந்தகம் கதை பலருக்கும் தெரியும். வருஷா வருஷம் கரை உடைகிறது. தாயார் சந்நிதி கட்ட உதவி கேட்கிறார்கள். "உங்கள் ராமர் ஏரியைக் காப்பாற்றட்டும், பார்க்கலாம்" என்கிறார் துரை. அடைமழை இரவில் வில்லோடு இரண்டு பேர் கரையில் நிற்பதைப் பார்த்து விழுந்து கும்பிடுகிறார். கரை நிற்கிறது, சந்நிதி எழும்புகிறது. பிளேஸ் பெயர் பொறித்த கல்வெட்டு இன்றும் அங்கே இருக்கிறது.

வேடந்தாங்கல் கதையில் அற்புதம் எதுவும் இல்லை. வெள்ளைக்கார சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டார்கள், ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் முறையிட்டார்கள், அவர் பாதுகாப்பு உத்தரவு கொடுத்தார். 1858இல் அதை மறுபடி உறுதி செய்து வாங்கினார்கள். 1936இல்தான் சரணாலயம் என்ற அங்கீகாரம்.

ஊர்க்காரர்களுக்கு ஏன் இவ்வளவு அக்கறை? ஏரிக்குள் நீர்க்கடம்பு மரங்களில் நத்தைக்குத்தி நாரை, நீர்க்காகம், வக்கா எல்லாம் கூடு கட்டுகின்றன. எச்சம் தண்ணீரில் விழுகிறது, அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாய்கிறது. காசில்லாத உரம்!

என் கணிப்பு இது. பிளேஸ் பக்தரும் இல்லை, பறவை நேசரும் இல்லை. மிராசுதாரர்களிடம் கறாராக இருந்த வரி அதிகாரி. கரை நின்றால் விளைச்சல், விளைந்தால் கிஸ்தி. இரண்டு ஏரியிலும் அவர் கணக்கு அதுவாகத்தான் இருந்திருக்கும். அவர் மனசில் இருந்ததை யார் கண்டது என்று நீங்கள் கேட்கலாம், நியாயம்தான். ஆனால் கேட்டு வாங்கியது ஊர் ஜனங்கள். கதையில் துரைக்குப் பெயர் இருக்கிறது, அவர்களுக்குத்தான் இல்லை.

இது பழங்கதை மட்டுமில்லை. 1998 அறிவிக்கைப்படி ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் சரணாலயம். 2020இல் அதை 3 கிலோமீட்டராகக் குறைக்கும் முன்மொழிவு வந்து, எதிர்ப்புக்குப் பிறகு கைவிடப்பட்டது. 2022இல் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன.

போவதென்றால் டிசம்பர், ஜனவரியில் போங்கள். காலை ஆறரைக்கே கரையில் இருக்க வேண்டும். மதுராந்தகம் கோயில் மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதனால் அதை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.